நாலாவது பெயர் எனக்குத் தெரிந்திருந்தது

“பிலோமினா” என்று சங்கத் தலைவர் ஒலிவாங்கியில் வாசித்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. பிலோமினா என் அக்கா. எங்கள் கரையில் புதிதாகக் கட்டி முடித்த மீன் சந்தையில், மீன் வைத்து விற்கிற முதலாவது மேடை, வாசலோடு ஒட்டிய மேடை, குலுக்கலில் அவளுக்கு விழுந்திருந்தது.

“செலஸ்ரினா” என்றார் தலைவர். இரண்டாவது மேடை.

“றெஜினா.” மூன்றாவது.

என் கைகள் தட்டுவதை நிறுத்திவிட்டன. புதுச் சீமெந்து வாசமும் பிளாஸ்ரிக் கதிரைகளின் சூடும் பெண்களின் சளசளப்பும் சட்டென்று எங்கேயோ தள்ளிப்போன மாதிரி இருந்தது. ‘திரேசம்மா’ என்று வாய்க்குள் சொன்னேன்.

தலைவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மடிக்கணினியின் திரையைக் குனிந்து பார்த்தார்.

“திரேசம்மா” என்றார்.

எனக்குத் தீர்க்கதரிசனம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் தமிழும் கத்தோலிக்க சமயமும் படிப்பிக்கிறவள். இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு நான் கணக்கில் எவ்வளவு மொக்கு என்பது தெரிந்திருக்கும். ஆனாலும் அன்று அடுத்த பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. ஏன் தெரிந்தது என்பதுதான் அந்தக் கணத்தில் பிடிபடவில்லை.

கலியாணக் கார்ட்டுச் சீட்டு

மீன் விற்கிற பெண்களின் சங்கத்துக்கு நான் செயலாளராக இருந்த காலம் அது. நான் மீன் விற்பதில்லை. அம்மா விற்றாள், அக்கா விற்கிறாள். எழுத வாசிக்க ஓர் ஆள் வேண்டுமென்று என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்கள்.

புதுச் சந்தையில் எல்லாருக்கும் இடம் இருந்தது. ஆனால் எல்லாருக்கும் வாசல் இல்லை. பஸ்ஸால் இறங்கி வருகிற சனம் முதலில் காண்கிற மேடைகள் நாலைந்துதான். உள்ளே போகப் போக இருட்டு. கடைசி மேடைகளுக்குப் பின்னால் கழிவுநீர் வாய்க்கால். ஆகவே திருவுளச்சீட்டுத்தான் வழி என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

திருவுளச்சீட்டு என்பது அழகான சொல். எந்தக் கை எதை எடுத்தாலும் அது ஆண்டவருடைய உள்ளம். யூதாசின் இடத்துக்கு ஆள் எடுக்கும்போது அப்போஸ்தலர்களும் சீட்டுத்தான் போட்டார்கள். என்னோடு படிப்பிக்கிற இணுவில் டீச்சர் ஒருத்தி தன் மகளுக்கு வந்த இரண்டு சம்பந்தத்தில் எது என்று கோயிலில் பூக்கட்டிப் பார்த்தாள். சிவப்பு வந்தது. மகள் இப்போது சந்தோசமாகத்தான் இருக்கிறாள்.

ஆனால் ஆண்டவருடைய உள்ளத்துக்கும் எங்கள் கரையில் ஆட்கள் வழி கண்டுபிடித்திருந்தார்கள். முந்தின தடவை, பழைய சந்தையில் இடம் பிரித்தபோது, ஒரு சீட்டை மட்டும் கலியாணக் கார்ட்டை வெட்டி எழுதியிருந்தார்கள். மற்றதெல்லாம் கொப்பித் தாள். தகரப் பேணிக்குள் கை விட்டால் தடித்தது எது என்று விரலுக்குத் தெரியும். சீட்டை விரித்தபோது பின்பக்கத்தில் மாப்பிள்ளையின் பாதிப் பெயர் பொன் எழுத்தில் கிடந்தது. அதிலிருந்து பேணி என்றாலே எங்கள் பெண்களுக்கு நம்பிக்கை இல்லை.

“கொம்பியூட்டரிலை போடுவம்” என்றவள் மரியநாயகியக்காதான். நண்டு விற்கிறவள். அவள் குரலுக்கு ஒலிவாங்கி தேவையில்லை. “அதுக்குச் சொந்தக்காரர் இல்லைத்தானே?”

மூன்று இனா

எனக்குத் தெரிந்த கணினிக்காரர் ஒருவர்தான். றிஸ்வான். பள்ளிக்கூடத்துக் கணினிகள் பழுதானால் வந்து திருத்துவார். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் குடும்பம். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது அவருடைய தகப்பனும் தாயும் கைப்பையோடு போனவர்கள். றிஸ்வான் பிறந்தது புத்தளத்தில். தகப்பனின் பழைய தெருவுக்கே திரும்பி வந்து சின்னதாக ஒரு கடை போட்டிருந்தார்.

“எங்கடை ஆள் செய்தால் ஒருத்தரும் நம்பமாட்டினம். நீங்கள் எண்டால் ஒரு பக்கமும் இல்லை” என்று நான்தான் கேட்டேன்.

“பக்கம் இல்லாத ஆளுக்குத்தான் டீச்சர் எல்லாப் பக்கத்தாலயும் அடி விழுறது” என்று சிரித்தார். ஆனால் ஓம் என்றார்.

குலுக்கலுக்கு முதல் நாள் பின்னேரம் வெறும் சந்தைக்குள் நானும் அவரும் ஒத்திகை பார்த்தோம். அவர் பெயர்களை ஏற்றி வைத்திருந்த கணினியைத் திறந்து, குலுக்குகிற பொத்தானை ஒரு தடவை அமத்தினார். நான் ஒலிவாங்கி வேலை செய்கிறதா என்று பார்க்க, வந்த பெயர்களைச் சத்தமாக வாசித்தேன். பிலோமினா, செலஸ்ரினா, றெஜினா. மூன்று ‘இனா’ வரிசையாக வந்ததில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்றாட்டு மாலை சொல்வது போல இழுத்து வாசித்தேன். நாலாவதாகத் திரேசம்மா வந்து அந்தச் சந்தத்தைக் குழப்பியதும் நினைவில் இருந்தது.

“இது சும்மா பார்த்தது. நாளைக்கு வேற வரும்” என்று சொல்லி றிஸ்வான் கணினியை மூடினார்.

மறுநாள் வேறு வரவில்லை.

நிறுத்துங்கோ

தலைவர் ஐந்தாவது பெயரை வாசிக்க வாய் திறந்தார். நான் எழும்பிவிட்டேன்.

எழும்பும்போது என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆண்டவர் ஒரே விருப்பத்தை இரண்டு தடவை சொல்கிறாரோ? அப்படியென்றால் நான் யார் மறிக்க? முன்வரிசையில் அக்கா அழுதுகொண்டிருந்தாள். அத்தான் போன பிறகு அவள் சந்தோசத்தில் அழுது நான் பார்த்ததில்லை. வாசல் மேடை என்றால் பாரமான மீன் கடகத்தை உள்ளே தூக்கிப் போகத் தேவையில்லை. அவள் முழங்கால் அவ்வளவு மோசம்.

“நிறுத்துங்கோ” என்றேன். “நேற்று ஒத்திகையிலயும் உதே வரிசைதான் வந்தது.”

சந்தை ஒரேயடியாக வெடித்தது.

“அப்ப முதலே எழுதி வைச்சிட்டுத்தான் வாசிச்சவையோ?” மரியநாயகியக்கா கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “டீச்சரின்ரை தமக்கைக்கு முதலாவது! கொண்டந்த ஆளும் டீச்சரின்ரை ஆள்!”

பின்னாலிருந்து யாரோ, “உவையளைக் கூப்பிட்டால் உப்பிடித்தான்” என்றார்கள். யாரை ‘உவையள்’ என்கிறார்கள் என்பது எல்லாருக்கும் விளங்கியது.

றிஸ்வானுக்கும் விளங்கியது. திரையைப் பார்த்தபடியே நின்றார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை. என்னைவிடப் பெரிய குழப்பந்தான் இருந்தது.

தலைவர் கூட்டத்தைக் கலைத்தார். அக்கா என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு வசனந்தான் சொன்னாள்.

“நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.”

அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை.

இருபத்தொன்றால் பெருக்கு

அந்தக் கிழமை ஒரு மத்தியானம் றிஸ்வான் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். பிள்ளைகள் போய்விட்டார்கள். அவர் கண்கள் சிவந்திருந்தன.

“பிடிச்சிட்டன் டீச்சர். பிழை என்னில.”

நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கதைத்தார்.

“கொம்பியூட்டருக்குக் குலுக்கத் தெரியாது. அதுக்குக் கணக்குச் செய்ய மட்டுந்தான் தெரியும். குலுக்கின மாதிரிக் கணக்குச் செய்யும்.”

எனக்கு விளங்கவில்லை என்றேன். எங்கள் கணக்குப் புத்தகங்களில் ‘எழுமாறாக’ என்று ஒரு சொல் வரும், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மாதிரி என்று அர்த்தம். பெட்டியிலிருந்து ஒரு பந்து எழுமாறாக எடுக்கப்படுகிறது. அந்த எடுக்கிற கை யாருடையது என்று நான் சின்ன வயதிலேயே யோசித்திருக்கிறேன்.

றிஸ்வான் வெண்கட்டியை எடுத்தார். கரும்பலகையில் 7 என்று எழுதினார்.

“இதை இருபத்தொண்டால பெருக்குங்கோ. பதின்மூண்டைக் கூட்டுங்கோ. வாற விடையில கடைசி ரெண்டு இலக்கத்தை மட்டும் வைச்சுக்கொண்டு மற்றதை எறியுங்கோ.”

நூற்றுநாற்பத்தேழு. பதின்மூன்றைக் கூட்ட நூற்றறுபது. நூறை எறிந்தால் அறுபது.

“இப்ப அறுபதுக்கு அதையே செய்யுங்கோ.”

எழுபத்துமூன்று வந்தது. பிறகு நாற்பத்தாறு. பிறகு எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, இருபத்தைந்து. கை வெண்கட்டித் தூளாகிவிட்டது.

“இந்த எண்களை வெளியால போற ஒருத்தருக்குக் காட்டினால், பேணிக்குள்ளால எடுத்தது எண்டுதான் நினைப்பார். ஆனால் ஏழில தொடங்கினால் எப்பவும் அறுபதுதான். அறுபதுக்குப் பிறகு எப்பவும் எழுபத்துமூண்டுதான். தொடங்கிற எண்ணை விதை எண்டு சொல்லுறது. ஒரே விதை போட்டால் ஒரே மரம்.”

“அப்ப நீங்கள் விதை போடேல்லையோ?”

“நான் போடேல்லை. அதாலை அது தன்ரை பாட்டில ஒரே விதையைப் போட்டுது. நான் கடையில பரிசோதிக்கேக்கை மூடாமல் திரும்பத் திரும்ப அமத்தினன். ஒவ்வொரு தரமும் வேற வேற வந்தது. ஏனெண்டால் கணக்கு விட்ட இடத்திலயிருந்து ஓடிக்கொண்டிருந்தது. இஞ்சை ரெண்டு நாளும் புதுசாத் திறந்து ஒருக்கா அமத்தினன். ரெண்டு நாளும் முதல்லயிருந்து தொடங்கிட்டுது.”

நான் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தமிழ் படிப்பிக்கிறவளுக்கு எதுகை மோனை தேடுகிற வியாதி உண்டு. ஒவ்வொரு எண்ணின் கடைசி இலக்கத்தையும் வாசித்தேன். ஏழு, பூச்சியம், மூன்று, ஆறு, ஒன்பது, இரண்டு, ஐந்து.

“றிஸ்வான், கடைசி இலக்கம் மூண்டு மூண்டாக் கூடுது. பத்துக்கு மேல போனால் திரும்பி வருது.”

அவர் திரும்பிப் பார்த்தார். அந்தக் கிழமை முதல் தடவையாகச் சிரித்தார்.

“ஓம். இது சின்னக் கணக்கு, பொக்கெண்டு பிடிபட்டிடும். உண்மையான புரோகிராமில எண்கள் மிச்சம் பெரிசு. ஆளால பிடிக்கேலாது. ஆனால் கணக்குத்தான். அதுக்குள்ள சீட்டே இல்லை.”

இரைச்சல்

அப்படியென்றால் உண்மையான எழுமாறு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். எனக்கு அது சமயக் கேள்வியாகவே பட்டது.

றேடியோவில் இரண்டு நிலையங்களுக்கு நடுவில் வருகிற இரைச்சலில் இருக்கிறதாம். கணினியின் உள்ளே சூட்டால் மின்சாரம் நடுங்குகிற நடுக்கத்தில். நாங்கள் இரண்டு எழுத்தை அமத்துகிறபோது நடுவில் விடுகிற, கண்ணால் காணாத நேர வித்தியாசத்தில். யாருக்கும் முன்கூட்டித் தெரியாத அந்த நடுக்கங்களைச் சேர்த்து எடுத்து விதையாகப் போட்டால், அதற்குப் பிறகு கணக்கு ஓடலாம்.

“ஆளிட்டை ஒரு எண் கேட்டால் அது எழுமாறு இல்லையோ?”

“ஆள்தான் மிச்சம் மோசம். ஒண்டிலயிருந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லுங்கோ டீச்சர்.”

“ஏழு” என்றேன்.

“பாத்தியளோ?”

பிறகு வெண்கட்டியை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “திரும்ப ஒருக்கா நான்தான் செய்யவேணும். நாங்கள் இந்த ஊருக்குத் திரும்பி வந்து கனகாலம் இல்லை. கள்ளன் எண்ட பேரோடை இருக்கேலாது. வாப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை.”

“நான் சொல்லாமல் விட்டிருந்தால் உங்களுக்கு இந்தக் கரைச்சல் வந்திருக்காது.”

“சொல்லாமல் விட்டிருந்தால் அதுதான் களவு” என்றார்.

முட்டாசிப் போத்தல்

இரண்டாவது கூட்டத்துக்கு ஒருத்தரும் வராமல் விடவில்லை. சண்டை பார்க்க வந்தவர்களும் உண்டு. அக்கா தூணோடு சாய்ந்து, என் பக்கம் பார்க்காமல் நின்றாள்.

றிஸ்வான் நடந்த பிழையை எல்லார் முன்னாலும் சொன்னார். பாதிப் பேருக்கு விளங்கவில்லை. பிறகு கண்ணாடி போலத் தெரிகிற, மிட்டாய் போட்டு வைக்கிற முட்டாசிப் போத்தல் ஒன்றை மேசையில் வைத்தார்.

“இந்த முறை விதையை நான் போடப்போறதில்லை. நீங்கள் எல்லாரும் போடுங்கோ. ஆளுக்கொரு எண்ணை எழுதி மடிச்சு இதுக்குள்ள போடுங்கோ. ஒருத்தருக்கும் காட்டாதையுங்கோ. எல்லாரும் போட்ட பிறகுதான் திறக்கிறது. எல்லாத்தையும் கூட்டி வாற தொகைதான் விதை. ஒருத்தர் ஒரு எண்ணை மாத்தினாலும் வரிசை முழுக்க மாறும்.”

“எல்லாரும் கூடிக் களவு செய்தால்?” என்றாள் மரியநாயகியக்கா.

“எல்லாரும் சேர்ந்தாலொழிய ஏலாது. நீங்கள் ஒரு ஆள் சேராமல் விட்டால் காணும். உங்கடை எண் அவைக்குத் தெரியாதுதானே.”

அவள் அதை யோசித்தாள். பிறகு ஆட்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையால் மறைத்து, நீளமாக ஏதோ எழுதினாள்.

சீட்டுகளைத் தலைவர் ஒவ்வொன்றாக விரித்து வாசிக்க நான் பலகையில் எழுதினேன். ஏழு எத்தனை தடவை வந்தது! வள்ளத்தின் பதிவு எண், பிள்ளையின் பிறந்த திகதி, ஒரு வெறும் பூச்சியம். மரியநாயகியக்காவுடையது ஒரு தொலைபேசி எண் அளவுக்கு நீண்டிருந்தது. கூட்டலை மூன்று பேர் தனித்தனியாகச் செய்து ஒத்துக்கொண்டார்கள். தொகையை றிஸ்வான் தட்டச்சுச் செய்தார். அமத்தினார்.

தலைவர் குனிந்தார். நிமிர்ந்தார். திரும்பவும் குனிந்தார்.

“பிலோமினா” என்றார்.

ஒருத்தரும் கைதட்டவில்லை

அப்போது என் மனதில் வந்ததை மறைக்க மாட்டேன். றிஸ்வான் எனக்காகச் செய்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கரும்பலகையில் கையால் பெருக்கிப் பார்த்த நானே நினைத்தேன் என்றால் மற்றவர்களை எப்படிக் குறை சொல்வது?

இரண்டாவது பெயர் வேறு. மூன்றாவது வேறு. செலஸ்ரினா நடுவில் எங்கேயோ போனாள், திரேசம்மா வாய்க்கால் பக்கம். ஆனால் அதை யார் கேட்டார்கள்?

“இதென்ன கூத்து!” மரியநாயகியக்கா மேசையடிக்கு வந்துவிட்டாள். “திரும்பவும் அவளோ? ஏன் காணும், எங்களைப் பேயர் எண்டு நினைச்சீரோ?”

றிஸ்வான் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

“முதலாவதா ஆரோ ஒராள் வரத்தானே அக்கா வேணும். போன முறை வந்தவ இந்த முறை வரக்கூடாதெண்டு நான் தடுத்திருந்தால் அதுதான் கள்ளக் குலுக்கல். உங்கடை எண்ணும் இந்தத் தொகைக்குள்ள கிடக்குது. நீங்கள் ஒண்டைக் கூட்டி எழுதியிருந்தால் வேற ஆளும் வந்திருக்கலாம்.”

“அப்ப நானோ அவளுக்கு வாசலைக் குடுத்தனான்?”

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. றிஸ்வான் புரோகிராமை ஒரு பென் டிரைவில் ஏற்றி அவள் கையில் கொடுத்தார். “எந்தக் கொம்பியூட்டர்க் கடையிலயும் குடுத்து இதே தொகையைப் போட்டுப் பாருங்கோ. இதே வரிசை வராட்டில் நான் கடையை மூடுறன்.”

அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

மோட்டார் சைக்கிளடியில் வைத்து நான் கேட்டேன். கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். “றிஸ்வான், மெய்யாவே தானா வந்ததோ?”

அவர் தலைக்கவசத்தைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டார்.

“அந்தப் பேரை முதல்ல நான்தான் கண்டன் டீச்சர். ஒருத்தரும் காணமுதல் திரும்ப அமத்துவமோ எண்டு விரல் போனது.”

“அமத்தியிருந்தால்?”

“ஒருத்தரும் என்னைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டினம். ஆனால் நான் கள்ளன்.”

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் மரியநாயகியக்கா பட்டணத்தில் இரண்டு கடைகளுக்குப் போய்விட்டு நேராகப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். இரண்டிலும் அதே வரிசைதானாம். முகத்தில் தோற்ற களை இல்லை. கடற்கரையில் வழி தவறினவளைப் போல நின்றாள்.

“டீச்சர், எனக்கு ஒண்டைச் சொல்லு. முதல் முறை ஒரே மாதிரி வந்தது, களவெண்டம். இப்ப ஒரே மாதிரி வந்ததாலை நேர்மையெண்டுறான். ரெண்டும் எப்பிடிச் சரி?”

நான் விளக்கத் தொடங்கினேன். விதை, மரம், இருபத்தொன்று என்றெல்லாம் சொன்னேன். நடுவில் எனக்கே குழம்பிவிட்டது. இருவரும் வெயிலில் நின்று யோசித்தோம்.

“சரி விடு” என்றாள் கடைசியில். “பெடியன் கள்ளன் இல்லை. அது மட்டும் விளங்குது. சனத்துக்கு நான் சொல்லுறன்.”

அவள் சொன்னால் கரை முழுக்கக் கேட்கும். கேட்டது.

சந்தைக்குள்

அக்காவின் கோபம் மட்டும் தீரவில்லை. வாசல் திரும்பக் கிடைத்தும், அன்று எல்லாரும் தன்னைக் கள்ளியைப் போலப் பார்த்த பார்வையை அவள் மறக்கவில்லை. கோயிலில் கண்டால் மற்றப் பக்கத்தால் போவாள்.

சந்தை திறந்து கொஞ்சக் காலம் கழிந்து ஒரு சனிக்கிழமை துணிந்து போனேன். வாசல் மேடையில் மரியநாயகியக்கா இருந்தாள். நண்டுகள் கடகத்துக்குள் கரகரவென்று சத்தம் போட்டன.

“அக்கா எங்கை?”

“உள்ளுக்கை.”

நடுவில், தூண் ஓரத்து மேடையில் அக்கா விளைமீனைக் கூறு பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு முக்காலி போட்டுக் காலை நீட்டியிருந்தாள். மூன்று பேர் வாங்க நின்றார்கள்.

அவர்கள் போகும்வரை நின்றேன். அவள் தலை நிமிரவில்லை.

“வாசல்லை என்ன நடந்தது?” என்று கேட்டேன்.

கத்தியைத் துடைத்தாள்.

“வாசல்லை எல்லாரும் விலை கேக்கினம். கேட்டிட்டு உள்ளுக்கை போய்த்தான் வாங்கினம்” என்றாள். “நண்டுக்கு ஆட்கள் தேடி வருவினம், அவளுக்கு எங்கை இருந்தாலும் ஒண்டுதான். இஞ்சை காத்தில்லை எண்டு புறுபுறுத்தாள். மாத்திக்கொண்டம்.”

“சங்கத்துக்குச் சொன்னியோ?”

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

“சொல்லிப்போடாதை” என்றாள். “திரும்பக் குலுக்க வெளிக்கிடுவியள்.”

ஒரு நல்ல விளைமீனை எடுத்து, நான் கேட்காமலே, செதிள் சுரண்டத் தொடங்கினாள்.